பார்ப்போம் என்றால் ஒப்புதல்

கிந்தா வட்டாரப் பல்கலைக்கழகத்துக்குச் சுங்கை மெர்பா தோட்டத்தின் மேல் திடீரென்று பாசம் வந்தது. சும்மா பாசம் இல்லை, ஆறு லட்சம் மலேசிய வெள்ளிப் பாசம். பாதியை அரசாங்க அமைச்சு கொடுத்தது. மீதிப் பாதியைத் தோட்டத்து நிலத்தை வாங்கியிருந்த வீடமைப்புக் கம்பெனி கொடுத்தது. தன் நிலத்தில் குடியிருக்கும் ஏழைபாழைகளின் மனசை அறிய ஒரு கம்பெனி மூன்று லட்சம் கொடுக்கிறதே, இது என்ன அதிசயம் என்று பல்கலைக்கழகத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு இது பழக்கம்.

கித்தா என்கிற ரப்பர் மரம் போய், செம்பனை வந்து, அதுவும் போய், கடைசியில் ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்திரண்டு லயத்து வீடுகள் மட்டும் நின்றன. ஒன்பதாம் நம்பர் வீட்டில் புனிதா இருந்தாள். நாற்பத்தேழு வயது. ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். பதினாறு வருஷமாக இதே வேலை.

அவள் புருஷன் தனேஸ்வரன் ஒரு காலத்தில் லாரி ஓட்டினான். இனிப்பு நீர் நோய் முற்றி இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது சக்கர நாற்காலி. கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்து வாசற்படியை உடைத்துச் சிமெண்டுச் சரிவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் அதில் உருட்டிக்கொண்டு இறங்கினால் கோயில், கோயிலைத் தாண்டினால் கூட்டாளி சீனி நடத்தும் ஒட்டுக்கடை. அங்கே சர்க்கரை போடாத டீயை வாங்கி வைத்துக்கொண்டு சீனியோடு அரசியல் பேசிச் சண்டை போடுவான். மத்தியானம் சமாதானமாகித் திரும்பி வருவான். இதுதான் அவன் பிழைப்பு, இதுதான் அவன் மருந்து.

கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன ஃபிளாட் ஜெலாப்பாங்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. தரையை விட்டு மேலே நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. புனிதாவின் பயமெல்லாம் அந்த ஒன்றுதான். மேல் மாடி கிடைத்துத் தொலைத்தால் இந்த மனுஷன் கீழே இறங்குவது எப்படி? அவனைத் தூக்கி இறக்க அவளால் ஆகாது. வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்துப்போவான்.

ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழக வேன் வந்தது. முதலில் இறங்கியது பேனர். ‘சமூகத்தோடு, சமூகத்துக்காக, சமூகத்தின் மீது’ என்று அதில் போட்டிருந்தது. மூன்றாவதை அச்சுப்பிழை என்று சிலர் நினைத்தார்கள். பிழையெல்லாம் இல்லை. பேனருக்குப் பிறகு பேராசிரியர் சுகுமாரன் இறங்கினார். ஈப்போக்காரர், நம்ம ஆள், தமிழிலேயே பேசினார். அவர் பின்னால் கணினிப் பலகையும் கையுமாக ஆராய்ச்சி அதிகாரி ரஸ்னா வந்தாள். ஈப்போ டவுனில் அவள் அத்தா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார் என்றதும் லயத்துப் பெண்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அறுபத்து நாலு கேள்வி. வீட்டில் எத்தனை பேர், எத்தனை கோழி, சாமி மேல் நம்பிக்கை எத்தனை சதவீதம் என்று போய், நாற்பத்தொன்றாவது கேள்வியில் வந்து நின்றது. ‘ஃபிளாட் கொடுத்தால் இந்த இடத்தை விட்டுப் போவீர்களா?’

எதிர்வீட்டு இருளாயியிடம்தான் முதலில் கேட்டார்கள். இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பார்ப்போம் சார்,” என்றாள்.

அடுத்த வீட்டிலும் பார்ப்போம். அதற்கடுத்த வீட்டிலும் பார்ப்போம். புனிதாவும் அதையேதான் சொன்னாள். தோட்டத்தில் வீடு தேடி வந்த மனுஷரிடம் மூஞ்சியில் அடித்தாற்போல் மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடன் கேட்டால் பார்ப்போம். பிடிக்காத இடத்தில் பெண் கேட்டால் பார்ப்போம். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், அதோடு பேச்சு முடிந்தது. ரஸ்னாவின் விரல் பலகைமேல் கொஞ்சம் தயங்கியதைப் புனிதா பார்த்தாள். பேராசிரியர் குனிந்து ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டினார். விரல் அங்கே அழுத்தியது.

எல்லாம் முடிந்து அவர் வேனுக்குப் போகும்போது இருளாயி, “நம்ம வீட்டுல மீன் சம்பால் வெச்சிருக்கேன், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க சார்,” என்றாள்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். “பார்ப்போம்மா,” என்று சிரித்துவிட்டு வேனில் ஏறினார். இருளாயி உள்ளே போய்த் தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு லயம் முழுக்க ஒரே நிம்மதி. மாட்டோம் என்று படித்தவர்களிடமே சொல்லியாயிற்று, அதையும் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், இனி என்ன கவலை? மறுநாள் இரண்டு பேர் வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தில் ஆராய்ச்சி எண் எழுதிவிட்டுப் போனார்கள். புனிதாவின் கதவுக்கு ஆர்-ஒன்பது. துடைத்தால் போகாத சாயம்.

ஒன்றரை மாதம் கழித்து ஆராய்ச்சித் தொடக்க விழா நடந்தது. ஆராய்ச்சி முடிந்த பிறகு எதற்குத் தொடக்க விழா என்று கேட்கக்கூடாது. பல்கலைக்கழகத்தில் முடிவு தெரிந்தால்தான் தொடங்குவார்கள். கோயில் பக்கத்தில் கூடாரம் போட்டு, உறுமி மேளம் வைத்து, துணைவேந்தர் டத்தோ அஸ்வானுக்காக ஜனங்கள் இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். வந்தவர் தனக்கும் தமிழ் வரும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டார்.

“இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்று ஆரம்பித்தார். “இவ்வளவு பக்கத்துல இவ்வளவு கஷ்டம் கிடைக்கறது பெரிய வாய்ப்பு. போன தடவ கடலோரத்துல ஒரு சமூகத்த ஆராய்ச்சி பண்ணோம். ரொம்ப தூரம், வேனுக்கு எண்ணெய்ச் செலவே தாங்கல. இப்ப அந்தச் சமூகம் அங்க இல்ல. அவ்வளவு வெற்றிகரமான ஆராய்ச்சி. அந்தக் காலத்துல உங்க தாத்தா பாட்டிய யாரும் கேக்காமலே கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. எவ்வளவு பெரிய அநியாயம். நாங்க அப்படி இல்ல. கேட்டுட்டுத்தான் அனுப்புறோம். அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி.”

பேராசிரியர் சுகுமாரன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

பேச்சு முடிந்ததும் மேசைமேல் இருந்த துணியை விலக்கினார்கள். உள்ளே அட்டையில் செய்த லயம். இருபத்திரண்டு கதவும் அப்படியே இருந்தன, சிவப்பு எண்கூட இருந்தது. டத்தோ பொத்தானை அமுக்கினார். லயம் மெல்ல மடிந்து மேசைக்குள் இறங்கியது. புகை வந்தது. அதே ஓட்டையிலிருந்து அட்டை ஃபிளாட் ஒன்று கிர்ரென்று மேலே எழும்பி வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். புனிதாவும் தட்டினாள்.

“என்னடி கைதட்டுற?” என்றான் தனேஸ்வரன். “உள்ள போனது நம்ம வீடு.”

அவள் கை அப்படியே நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், வேன் பக்கத்தில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த ரஸ்னாவைப் பிடித்தாள்.

“ரஸ்னா, என்னதாம்மா எழுதியிருக்கீங்க எங்களப் பத்தி?”

ரஸ்னா அக்கம்பக்கம் பார்த்தாள். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அக்கா. நாப்பத்தெட்டுப் பேருல நாப்பத்தேழு பேரு போறதுக்குச் சம்மதம்னு ரிப்போர்ட் போயிருச்சு.”

“யாரு சம்மதிச்சா? எல்லாரும் பார்ப்போம்னுதானே சொன்னோம்?”

“எங்க பொராங்குல, அந்தக் கேள்வித்தாள்ல, நாலே கட்டம்தான்க்கா. மிக விருப்பம், விருப்பம், ஓரளவு விருப்பம், விருப்பம் உருவாகி வருகிறது. பார்ப்போம்னா நாலாவதுல போடச் சொன்னாரு சார். நாலையும் கூட்டி ஒப்புதல்னு எழுதிட்டாங்க.”

“மாட்டேன்னு ஒரு கட்டம் கிடையாதா?”

“கேட்டேன்க்கா. அப்படி ஒண்ணு வெச்சா, மக்கள் மனசுல கெட்ட எண்ணத்த நாமே வெதைக்கிற மாதிரின்னு சொல்லிட்டாரு.”

“அப்ப மிச்சம் அந்த ஒரு ஆளு?”

“அவரு பேசிக்கிட்டே தூங்கிட்டாரு. தகவல் இல்லைன்னு போட்டுட்டோம்.”

அந்த வாரமே கம்பெனிக் கடிதம் வந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சியின்படி குடியிருப்பாளர்கள் தாமாகவே மனமுவந்து ஒப்புக்கொண்டிருப்பதால், நில அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது, இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்யவும். இருளாயி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பார்ப்போம்னு அவ்வளவு தெளிவா சொன்னோமே புனிதா. அதுக்கு மேல எப்படித்தான் சொல்றது?”

தப்பு ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது, எடுத்துச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று புனிதா நம்பினாள். பாவம், நம்பினாள். ஈப்போ ஹோட்டலில் இதே ஆராய்ச்சிக்கு அனைத்துலக மாநாடு நடப்பதாக ரஸ்னா சொன்னதும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசலில் இரண்டு வகை அட்டை வைத்திருந்தார்கள். பேச வருபவர்களுக்குப் பேச்சாளர், கேட்க வருபவர்களுக்குப் பங்கேற்பாளர். புனிதா எந்த வகை என்று தெரியாமல் அங்கிருந்தவர்கள் குழம்பி, கடைசியில் ‘சமூகம்’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நாள் முழுக்க அவளைக் கடந்து போனவர்கள் எல்லாம் அந்த அட்டையைப் படித்துவிட்டுக் கனிவாகச் சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் எழுந்தாள். “சார், எங்க ஊருல பார்ப்போம்னா வரமாட்டோம்னு அர்த்தம்.”

“வீட்டுல பேசற தமிழ் வேற, தரவு வேற, அக்கா,” என்றார் பேராசிரியர் சுகுமாரன்.

“இருளாயி உங்கள மீன் சம்பால் சாப்பிடக் கூப்ட்டாங்க. நீங்க பார்ப்போம்மானு சொன்னீங்க. சாப்ட்டீங்களா சார்?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அவர் முகம் மாறவில்லை. மாறாதது மட்டுமில்லை, மலர்ந்தது. மேடையில் இருந்தவர்கள் தலைகளை ஒன்றாக வைத்துக் கிசுகிசுத்தார்கள். டத்தோ அஸ்வான் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இதுதான் கண்டுபிடிப்பு. சம்மதம் மாதிரி இருந்துக்கிட்டே சம்மதம் இல்லாத ஒரு சொல். இத நாம ஆராயாம விட முடியாது. ‘மறுப்பின் மொழி’ங்கற தலைப்புல மூணு வருஷ ஆராய்ச்சிக்கு நாலு லட்சம் வெள்ளி ஒதுக்குறேன்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. “அப்ப பழைய ரிப்போர்ட்ட மாத்திடுவீங்களா சார்?” என்று புனிதா கேட்டது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

பேராசிரியர் இறங்கி வந்து பொறுமையாக விளக்கினார். “மாத்த முடியாது அக்கா. முதல் ஆராய்ச்சியில தப்பு இருந்தாத்தானே ரெண்டாவது ஆராய்ச்சிக்குக் காரணம் இருக்கும்? முதல்ல உள்ளத இப்பவே திருத்திட்டா இந்த கிராண்ட் பணம் போயிரும். மூணு வருஷம் பொறுத்துக்கங்க. நீங்க சொன்னது உண்மைன்னு நிரூபிச்சுக் காட்டுறோம்.”

“ரெண்டு மாசத்துல இடிக்கிறாங்க சார்.”

“அது வேற அட்டவணை,” என்றார்.

அவளுக்கு இணை ஆய்வாளர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பேரைப் ‘புனிதன்’ என்று போட்டிருந்தார்கள்.

நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. லயத்தில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. புனிதா விடவில்லை. மறுபடி லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்கே போனாள். அங்கே ஆராய்ச்சியால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நெறிக்குழு இருந்தது. அதன் தலைவி டாக்டர் நூருல் ஹுதா அவளை உட்காரவைத்து மைலோ கொடுத்தார்.

“என் பதில மட்டுமாவது எடுத்துடுங்க டாக்டர்.”

“எடுக்கலாம். உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா உங்க பாதுகாப்புக்காக எல்லாப் பேரையும் அழிச்சிட்டோம். எது உங்க பதில்னு இப்ப யாருக்கும் தெரியாது.”

“சரி, இப்ப புதுசா சொல்றேன், எழுதிக்குங்க. முடியாது. நாங்க போக மாட்டோம்.”

இப்படி ஒருத்தர் முகத்துக்கு நேராக முடியாது என்று அவள் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. சொல்லும்போது அழுகை வந்தது. நூருல் ஹுதா எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

“நாப்பத்தேழு பேரு ஒரு பக்கம் இருக்கும்போது நீங்க ஒருத்தர் மட்டும் இவ்வளவு விலகி இருக்கீங்க. அந்த மாதிரி பதில, தரவச் சுத்தம் செய்யறப்ப எடுத்துடுவோம். இது எல்லா நாட்டுலயும் உள்ள முறைதான்.”

புனிதாவுக்குத் தொழிற்சாலைச் சிவப்புத் தொட்டி ஞாபகம் வந்தது. இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை, அவள் தினமும் செய்கிற வேலைதான்.

“எங்க வீட்ட இடிச்சா அது கெடுதல் இல்லையா டாக்டர்?”

“இடிக்கறது கம்பெனி. நாங்க ஆராய்ச்சிய மட்டும்தான் பார்ப்போம்,” என்றார் நூருல் ஹுதா. அவர் நல்ல மாதிரி. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இனி ஒரே ஒரு பிச்சைதான் மிச்சம் இருந்தது. சுகுமாரனுக்குப் போன் போட்டாள். “சார், எதுவும் வேணாம். அவருக்குக் காலு இல்ல. கீழ் வீடு ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க.”

“வீடு பிரிக்கற பொறுப்பையும் கம்பெனி எங்ககிட்டதான் குடுத்திருக்கு அக்கா. பாரபட்சம் இருக்கக் கூடாதுன்னு கணினியில குலுக்கிப் போட்டாச்சு. உங்களுக்கு நாலாவது மாடி.”

“அந்த ஒரு வீட்ட மட்டும் மாத்திக் குடுங்க சார்.”

“யாருக்காவது மாத்திக் குடுத்தா மொத்தக் குலுக்கலும் கெட்டுரும். இன்னொண்ணு சொல்றேன், சந்தோஷப்படுவீங்க. இந்த மாதிரி ஆராய்ச்சியில, கால் இல்லாதவரு மேல் மாடியில அமையறது ரொம்ப அபூர்வம். நாங்களா வெக்கணும்னா நெறிக்குழு விடாது. தானா அமைஞ்சிருக்கு.”

பேராசிரியர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காலி செய்யும் நாளில் ஒரு பக்கம் புல்டோசர் வந்தது, இன்னொரு பக்கம் பல்கலைக்கழக வேன் வந்தது. புல்டோசர்க்காரனிடம் தனியாகப் பட்டியல் ஏதும் இல்லை. கதவில் இருந்த சிவப்பு எண்ணைப் பார்த்து ஆர்-ஒன்றிலிருந்து வரிசையாக வந்தான். மாணவர்கள் நாலு பேர் தனேஸ்வரனை நாற்காலியோடு தூக்கி வேனில் வைத்தார்கள், ஃபிளாட்டில் மறுபடி தூக்கி நாலு மாடி ஏற்றினார்கள். சமூக சேவைப் பாடத்தில் ஆளுக்கு நாலு மணி நேரம் என்று கணக்கில் ஏறியது. நல்ல பிள்ளைகள், மூச்சு வாங்க வாங்கத் தூக்கினார்கள். “இறங்கணும்னா போன் பண்ணுங்க அண்ணே,” என்றார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த வாரம் அந்தப் பாடம் முடிந்துவிட்டது.

புனிதா காலையில் வேலைக்குப் போகும்போது தனேஸ்வரன் சன்னலோரம் இருப்பான். திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பான். முதல் மாதம் சீனி இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தான், அப்புறம் அவன் ஒட்டுக்கடை இருந்த இடமும் போய், வேலை தேடித் தஞ்சோங் மாலிமுக்குப் போய்விட்டான். ஒருநாள் தனேஸ்வரன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தான். இரண்டாம் மாடியில் கையில் தோல் உரிந்து ரத்தம் வந்து, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல், புனிதா வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்தான். அதற்குப் பிறகு அவன் அரசியல் பேசுவதையும் நிறுத்திவிட்டான். வீட்டில் ஒரு மனுஷன் உயிரோடு இருந்தும் சத்தமே இல்லை. புனிதாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆறாம் மாதம் பேராசிரியர் சுகுமாரனும் ரஸ்னாவும் நாலு மாடி ஏறி வந்தார்கள். பின்தொடர் ஆய்வு. பேராசிரியருக்கு மூச்சு இரைத்தது. “நல்ல காத்து வருது இங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரஸ்னா யார் முகத்தையும் பார்க்காமல் கேள்வியை வாசித்தாள்.

“போன ஆறு மாசத்துல, வீட்ட விட்டு வெளிய எத்தன தடவ போனீங்க அண்ணே?”

“வெளிய போகல,” என்றான் தனேஸ்வரன்.

“ஒரு தடவகூடவா?”

“தூக்கிட்டு வந்து இங்க வெச்சாங்க. அதோட சரி.”

ரஸ்னா பூஜ்யம் என்று அழுத்தினாள். பலகை தானே கணக்குப் போட்டது. புனிதா எட்டிப் பார்த்தாள். ‘புதிய இல்லத்தின் மீது பற்று: மிக மிக அதிகம்.’ அதற்கு மேல் ஒரு கட்டமே கிடையாது.

“இருபத்திரண்டு வீட்டுலயும் உங்களுக்குத்தான் ஆக உயர்ந்த மதிப்பெண்ணு,” என்றார் பேராசிரியர், உண்மையான மகிழ்ச்சியோடு. “அடுத்து பாகான் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்துல இத செய்யப்போறோம். அங்க இருக்கறவங்களுக்கு நீங்க ஏதாச்சும் சொல்லணும் அண்ணே. உங்க அனுபவத்துலேர்ந்து.”

தனேஸ்வரன் சன்னல் பக்கமிருந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான்.

“யாரு வந்து கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேணாம்னு சொல்லுங்க.”

ரஸ்னா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேராசிரியர் பலகையைத் தானே வாங்கி, பரிந்துரைகள் என்ற பகுதியைத் திறந்து, நிதானமாக எழுதினார். ‘சமூகத்தினர் நேர்காணலைச் சுமையாகக் கருதுகின்றனர். ஆகவே அடுத்த கட்டத்தில் கேள்விகளைத் தவிர்த்து, சுங்கை மெர்பாவின் முடிவுகளையே பயன்படுத்தலாம்.’

பாகான் செராயில் அப்படியே செய்தார்கள். அங்கே ஒருத்தரையும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒப்புதல், சுங்கை மெர்பாவைப் போலவே, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.